நோயாளிக்கும் உரிமை உண்டு... கடமையும் உண்டு!



திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்குப் பக்கத்தில் இருக்கிறது தொப்பம்பட்டி. அந்த ஊர்ச் சிறுவன் ஒருவன் மக்காச்சோளக் காட்டு வரப்பில் நடந்து வருகிறான். சரக்கென்று காலில் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் பதறுகிறார்கள். "கையில காசு இல்லையே சாமி... ஆஸ்பத்திரியில சேர்த்துக்குவாங்களா?" என்று அழுகிறார் அப்பத்தா.

அப்பத்தா பயப்படவே வேண்டாம். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் உடனடி சிகிச்சை பெறுவது ஒவ்வொரு நோயாளியின் உரிமை. இந்த உரிமை உறுதியானதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

ஸ்கூட்டரில் போன ஒருவர் மீது கார் மோதியது. வழியில் வந்த ஒரு நல்ல மனிதர் அவரை அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார். "இது போலீஸ் கேஸ். 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறு மருத்துவமனைக்குப் போங்கள்" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். போகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். இந்தச் செய்தியைப் படித்த பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1989-ல் தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும், முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். போலீஸ் விசாரணை எல்லாம் பிறகுதான் என்றது நீதிமன்றம்.

1996-ல் இன்னொரு தீர்ப்பு. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, மேற்கு வங்கத்தில் பல அரசு மருத்துவமனைகள் "படுக்கை இல்லை" என்று திருப்பி அனுப்பியிருந்தன. அவருக்கு 25 ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

2018-ல் தேசிய மனித உரிமை ஆணையம், நோயாளிகளுக்கான 17 உரிமைகளைப் பட்டியல் போட்டது. அவற்றில் சில:

* என்ன நோய், என்ன சிகிச்சை, எவ்வளவு செலவு என்று புரியும் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.
* ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் சம்மதம் வாங்க வேண்டும். சிறுவர்களுக்காகப் பெற்றோர் சம்மதம் தருவார்கள்.
* நோய் விவரங்களைத் தேவையில்லாமல் மற்றவர்களிடம் சொல்லக் கூடாது.
* சாதி, மதம், ஏழை, பணக்காரர் என்று பாகுபாடு காட்டக் கூடாது.
* இன்னொரு மருத்துவரிடம் யோசனை கேட்கலாம்.
* சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டுப் பெறலாம்.

சரி, உரிமை மட்டும் போதுமா? நம் சிறுவனிடம் மருத்துவர் கேட்கிறார்: "எத்தனை மணிக்குக் கடித்தது? இதற்கு முன் வேறு எங்காவது போனீர்களா?" பச்சிலை வைத்தியரிடம் போய் ஒரு மணி நேரம் வீணாகிவிட்டது. சொன்னால் திட்டுவாரோ என்று அப்பா தயங்குகிறார். சிறுவனோ உண்மையைச் சொல்லிவிடுகிறான். விஷம் ஏறி எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால்தானே சரியாக வைத்தியம் பார்க்க முடியும்! உண்மையைச் சொல்வதுதான் நோயாளியின் முதல் கடமை.

வேறு கடமைகளும் உண்டு. மருத்துவர் சொன்ன நாள் வரை மாத்திரை சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதும் நாமாகவே நிறுத்தக் கூடாது. வார்டில் கூட்டம் போட்டுச் சத்தம் போடக் கூடாது. கண்ட இடத்தில் துப்பக் கூடாது. நம்மைவிட ஆபத்தான நிலையில் ஒருவர் வந்தால், வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கோபம் வந்தாலும் மருத்துவர், நர்ஸ் மீது கை ஓங்கக் கூடாது. அவர்களைத் தாக்கினால் தண்டிக்க, 2008 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது.

இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு 108, அந்த ஆம்புலன்ஸ் இலவசம். மருத்துவ ஆலோசனைக்கும் புகாருக்கும் 104. பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது கூடவே கூடாது. காலை அசைக்காமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பத்தாவிடம் இதைச் சொல்லுங்கள். நாளைக்கு ஓர் உயிரைக் காப்பாற்ற அது உதவலாம்!