மனம் களைத்தால் வேலை போய்விடுமா?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில், வேலப்பன்சாவடிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் நூம்பல். அம்பத்தூர், திருமழிசை தொழிற்பேட்டைகளுக்கும் ஆவடிக்கும் இங்கிருந்து வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு என்று ஓடும் பிழைப்பு.

காய்ச்சல் என்றால் தொழிலாளி தயங்காமல் லீவு கேட்கிறார். தூக்கம் கெட்டு, மனம் குழம்பி, எந்திரத்தின் முன் நிற்கவே பயமாக இருந்தால்? "வயிற்று வலி" என்று எழுதிக் கொடுக்கிறார்! உண்மையைச் சொன்னால் "பைத்தியம்" என்ற பட்டம் கிடைக்கும், வேலையும் போய்விடும் என்று அவருக்குப் பயம்.

அப்படி வேலையை விட்டு அனுப்பிவிட முடியுமா? 2021-ம் ஆண்டு டிசம்பர் 17-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு ஒன்றைப் பாருங்கள்.

துப்பாக்கி ஏந்திய அதிகாரி

வழக்குப் போட்டவர், மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி. (இந்தப் படைக்கு ஆவடியிலும் மையம் உண்டு. ஆனால் இவர் வேலை பார்த்தது வடக்கே.) ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய் அவருக்கு. மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது. கொல்வது பற்றிய எண்ணம் தம்மை ஆட்டிவைப்பதாக அவர் சொன்னார் என்று 2010-ல் புகார் எழுந்தது.

கையில் துப்பாக்கி உள்ளவர் இப்படிச் சொன்னால் மேலதிகாரிகள் சும்மா இருக்க முடியுமா? ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள்.

நீதிபதி சந்திரசூட் தலைமையில் 3 நீதிபதிகள் வழக்கை விசாரித்தார்கள். நடந்த தவறுக்கு மனநோய் ஒன்றே காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, அதுவும் ஒரு காரணமாக இருந்தால் போதும், அவரைத் தண்டிக்கப் புறப்பட்டது பாரபட்சமே என்று கூறி, நடவடிக்கையை ரத்து செய்தார்கள். பழைய வேலைக்கு அவர் தகுதி இல்லை என்றால் வேறு வேலை கொடுக்கவேண்டும். சம்பளம் குறையக்கூடாது. அந்த வேலையில் துப்பாக்கி இல்லாதபடி அதிகாரிகள் பார்த்துக்கொள்ளலாம்!

இவ்வளவு எளிய ஏற்பாட்டுக்கு 11 ஆண்டு ஆனதுதான் வேதனை.

கம்பெனி தொழிலாளிக்கு?

இங்கே ஒரு பெரிய குறை. வேலையில் இருக்கும்போது ஊனமோ மனநோயோ வந்தவரை நீக்கக்கூடாது, பதவி இறக்கக்கூடாது என்ற பாதுகாப்பு 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது சர்க்கார் நிறுவன ஊழியர்களுக்கு மட்டும்தான். தனியார் கம்பெனியில் ஷிப்டை மாற்றித் தருவதும், எந்திரத்தை விட்டு வேறு இடத்தில் உட்காரவைப்பதும் பெரும்பாலும் சூப்பர்வைசரின் நல்ல மனதைப் பொறுத்தே இருக்கிறது.

ஆனாலும், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளி வெறுங்கையோடு நிற்கவேண்டியதில்லை. நோயில் விழுந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் உதவித்தொகை உண்டு. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களின் பட்டியலில் கடுமையான மனநோயும் இருக்கிறது. 2 ஆண்டு சர்வீசு முடித்தவருக்கு அதற்கு 80 சதவீதம், 2 ஆண்டு வரை கிடைக்கும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். "வயிற்று வலி" என்று எழுதிக் கொண்டிருந்தால் கிடைக்காது!

டாக்டரிடம் போகக் கூச்சமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ல் தொடங்கிய சர்க்கார் மனநல உதவி இது. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். 24 மணி நேரமும் ஆள் உண்டு. இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவரும் பேசலாம்.