உங்கள் வீட்டு மரத்தின் சுற்றளவு என்ன?

மாணவர்களே, உங்கள் வீட்டு வளாகத்தில் பெரிய மாமரமோ ரம்புத்தான் மரமோ நிற்கிறதா? “இலை குப்பையாகிறது, வெட்டிவிட்டு ஒரு கன்று நட்டால் போதும்” என்று வீட்டில் பேச்சு எழலாம். அந்தக் கணக்குச் சரிதானா?

அடிமரத்தை அளவுநாடாவால் சுற்றி அளந்து பாருங்கள். சுற்றளவு 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புதிய கன்றின் சுற்றளவு 10 சென்டிமீட்டர். சுற்றளவு 8 மடங்கு என்றால், தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 8 × 8 = 64 மடங்கு. அதாவது, அந்த ஒரு மரத்திற்கு ஈடாக 64 கன்றுகள் வேண்டும்!

அடுத்து, குளிர்ச்சி. வேர் உறிஞ்சும் நீர் இலைத்துளைகள் வழியே ஆவியாகிறது. இதுவே நீராவிப்போக்கு. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2.4 மெகாஜூல் வெப்பம் தேவை. ஒரு பெரிய மரம் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை வெளியிட்டால், 240 மெகாஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. இதே வெப்பத்தை அகற்ற, 1 குதிரைத்திறன் குளிர்சாதனம் ஏறக்குறைய 25 மணி நேரம் ஓட வேண்டும். குளிர்சாதனம் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. மரம் அப்படிச் செய்வதில்லை. சிம்பாங் ரெங்கத்தைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள் இருந்தாலும், தாமான் வீட்டுக் கூரைக்கு நிழல் தருவது வளாகத்து மரமே.

இந்த 80 சென்டிமீட்டருக்குச் சட்டத்திலும் இடமுண்டு. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் (சட்டம் 172) மரப் பாதுகாப்புப் பகுதி 1995இல் சேர்க்கப்பட்டது. அதன் 35எச் பிரிவின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. ‘என் நிலம், என் மரம்’ என்பது மட்டும் போதாது. பட்டுப்போன மரத்திற்கும், உடனடி ஆபத்தை விளைவிக்கும் மரத்திற்கும் விலக்கு உண்டு. மீறினால் அபராதம் விதிக்கலாம்.

வெட்டாமலே மரத்தைக் கொல்வதும் உண்டு. நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவியுள்ளன. அவற்றுக்கும் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். அடிமரம் வரை சிமெண்டு பூசினால் காற்றும் நீரும் இறங்காது. உச்சியை மொட்டையாக வெட்டினால் அந்தக் காயம் வழியே பூஞ்சை நுழைந்து மரம் உளுத்துவிடும்.

எனவே, மரத்தடியில் மண்ணைத் திறந்துவிடுங்கள். காய்ந்த கிளைகளை மட்டும் அகற்றச் சொல்லுங்கள். மரம் சாய்ந்தாலோ அடியில் காளான் முளைத்தாலோ பெரியவர்களிடம் சொல்லி, மாவட்ட மன்றத்திடம் ஆலோசனை கேளுங்கள். இன்று மாலையே அளவுநாடாவை எடுங்கள்!