குடிநீர் மீனுக்கு நஞ்சாவது ஏன்?
பிக்கரிங் இல்லங்களில் மீன் வளர்ப்போர் கவனத்திற்கு

புலம்பெயர்ந்து வந்து பிக்கரிங் நகரில் குடியமர்ந்துள்ள எம்மவர் இல்லங்கள் சிலவற்றின் வரவேற்பறையில் கண்ணாடி மீன்தொட்டி ஒன்று இடம்பெற்றிருப்பதைக் காண்கின்றோம். பிள்ளைகளின் விருப்பத்திற்காக வாங்கப்படும் கப்பியும் பொன்மீனும் பல சமயங்களில் ஒரு கிழமையைக்கூடத் தாண்டுவதில்லை. குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பி, அன்றைக்கே மீனை விட்டுவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றது. மீன் இறந்ததும், "மீனைக் கொல்லும் நீரையா நாம் குடிக்கின்றோம்?" என்ற ஐயம் வீட்டில் எழுகின்றது. இவ்வச்சத்தால் போத்தல் நீருக்குப் பணம் செலவிடத் தொடங்குவோரும் உளர். இந்த ஐயத்தைத் தீர்ப்பதும், மீனைக் காக்கும் வழியைக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளோரின் எதற்காக?

பிக்கரிங் நகரக் குழாய்களில் வரும் நீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து பெறப்படுகின்றது. டுர்ஹாம் பிராந்திய நிர்வாகம் ஏஜாக்ஸ் நகரிலுள்ள நிலையத்தில் அதனைச் சுத்திகரித்து வழங்குகின்றது. கிருமிகளைக் கொல்வதற்காக இடப்படும் குளோரின், நீர் எமது வீட்டுக் குழாயை அடையும்வரை அதில் சிறிதளவு எஞ்சியிருக்க வேண்டும் என்பது மாகாணச் சட்டம்.

இவ்விதி எத்துணை முக்கியமானது என்பதை 2000ஆம் ஆண்டு மே மாதம் இம்மாகாணம் கண்டறிந்தது. வோக்கர்ற்றன் என்னும் சிற்றூரில் கிணற்று நீரில் மாட்டெருவிலிருந்து கிருமிகள் கலந்தன. போதிய குளோரின் இடப்படவில்லை. ஏழு பேர் உயிரிழந்தனர். 2,300 பேர்வரை நோயுற்றனர். அதன் பின்னரே 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. எனவே, மீனுக்குத் தீங்காகும் அதே பொருள்தான் எமது பிள்ளைகளுக்குக் காவலாக நிற்கின்றது.

வயிறும் செவுளும்

ரொறன்ரோ மாநகரின் குழாய்நீரில் குளோரினுடன் அமோனியாவும் சேர்க்கப்பட்டு, நெடுநேரம் நிலைத்திருக்கும் குளோரமைன் என்ற சேர்வை உருவாக்கப்படுகின்றது. ஒன்ராறியோவின் குடிநீர் விதிப்படி லீற்றருக்கு 3 மில்லிகிராம்வரை குளோரமைன் இருக்கலாம். ஆனால், நன்னீர் வாழ் உயிரினங்களைக் காப்பதற்கெனக் கனடா வகுத்துள்ள வழிகாட்டி அளவோ, குளோரின் வகைகள் அனைத்திற்கும் சேர்த்து லீற்றருக்கு 0.0005 மில்லிகிராம் மாத்திரமே. முன்னையதில் இது ஆறாயிரத்தில் ஒரு பங்காகும்.

இவ்வேறுபாட்டின் காரணம் எளியது. நாம் குடிக்கும் நீர் வயிற்றைச் சேர்கின்றது. அங்கு குளோரின் செயலிழந்துவிடுகின்றது. மீனுக்கோ நீர் செவுளின் மெல்லிய தோலை இடைவிடாது தொட்டுச் செல்கின்றது. குளோரின் அத்தோலை எரிக்கின்றது. குளோரமைன் அதனூடாக இரத்தத்தை அடைந்து, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கின்றது. சிறுநீரக நோயாளருக்கு இயந்திரத்தின் மூலம் இரத்தம் சுத்திகரிக்கும் இடங்களிலும் இதே காரணத்திற்காகவே குழாய்நீரிலிருந்து குளோரமைன் முதலில் அகற்றப்படுகின்றது. அந்நோயாளர் அதே நீரைக் குடிப்பதால் குளோரமைன் அவரைத் தாக்குவதில்லை. இரத்தத்தோடு நேரே சேர்வதே ஆபத்தானது.

தாயகத்தில் நுளம்புப் புழுக்களை உண்பதற்காகக் கிணறுகளில் கப்பி மீன்களை விடும் வழக்கத்தை எம்மவர் அறிவர். மலேரியாவைப் பரப்பும் புதியவகை நுளம்பு 2016ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்ட பின்னரும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது. அம்மீன்கள் எவ்விதப் பராமரிப்புமின்றி வாழ்ந்தமைக்குக் காரணம், அக்கிணற்று நீரில் குளோரின் இல்லாமையே. வெள்ளத்திற்குப் பின் கிணற்றை இறைத்துக் குளோரின் தூள் இடும்போது, அந்நீர் மீனுக்கு உகந்ததன்று.

நீரைச் சோதித்தல்

மீன் வாங்குவதற்கு முன்னரே குழாய்நீரைச் சோதித்தல் நன்று. செல்லப்பிராணிக் கடைகளில் தாள்வகைச் சோதனையும் துளிவகைச் சோதனையும் கிடைக்கின்றன. துளிவகையே கூடிய நம்பகமானது. குழாய்நீரிலேயே அமோனியா காட்டுமாயின், அது குளோரமைனின் அடையாளமாக இருக்கலாம். ஆண்டுதோறும் வெளியிடப்படும் நீர்த்தர அறிக்கையைப் பிராந்திய நிர்வாகத்திடம் கேட்டுப் பெறும் உரிமையும் எமக்குண்டு. நகரின் வடக்கே கிளெயர்மொன்ற் போன்ற கிராமப்புறங்களில் சொந்தக் கிணறுள்ள வீடுகளில் குளோரின் இராது; எனினும் அந்நீரின் கடினத்தன்மையையும் நைத்திரேற்றையும் தவறாது சோதிக்க வேண்டும்.

ஏரிநீர் மிதமான கடினத்தன்மை உடையது. லீற்றருக்கு ஏறத்தாழ 120 முதல் 130 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரைக் காய்ச்சிய கேத்திலின் அடியில் படியும் வெண்படலத்தை நினைவில் கொண்டால் கடினநீர் என்பது விளங்கும். கப்பி, மொலி போன்றவை இத்தகைய நீரை விரும்புவன. எனவே புதிதாகத் தொடங்குவோர் இவற்றைத் தெரிவு செய்வதே சாலச் சிறந்தது.

பீ.எச். பெறுமானத்தை இருமுறை பார்க்க வேண்டும்: குழாயிலிருந்து பெற்றவுடன் ஒருமுறை, வாளியில் ஒருநாள் வைத்த பின் இன்னொருமுறை. அழுத்தத்தில் கரைந்துள்ள வாயுக்கள் வெளியேறியதும் இப்பெறுமானம் மாறலாம். இரண்டாவதே தொட்டியில் நிலைப்பது.

நீரைத் தயாரித்தல்

சவர்க்காரம் படாத வாளி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குக. ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். குளோரமைன் அவ்வாறு எளிதில் அகலாது. ஆகவே, இரண்டையும் நீக்கி அமோனியாவையும் கட்டுப்படுத்தும் நீர் பதனிடும் திரவத்தைப் போத்தலில் குறித்துள்ள அளவில் சேர்ப்பதே பாதுகாப்பானது. ஸ்காபரோவில் இருந்த காலத்தில் ஒருவகையில் தயாரித்தவரும், இங்கு வந்தபின் வேறுவகையில் தயாரிப்பவரும் இதனால் ஏமாறார்.

மாரிகாலத்தில் குழாய்நீர் பனிபோற் குளிர்ந்திருக்கும். அதனைச் சூடாக்கும் பொருட்டுச் சுடுநீர்க் குழாயைத் திறத்தல் ஆகாது. சுடுநீர் செப்புக் குழாய்களிலிருந்து செம்பைக் கரைத்துவரக்கூடும். குளிர்நீரையே பிடித்து அறையில் வைத்து, தொட்டியின் வெப்பநிலைக்கு ஓரிரு பாகைக்குள் வந்தபின் சேர்க்க வேண்டும். வெப்பநாட்டு மீன்களுக்கு 24 முதல் 26 பாகை செல்சியஸ் பொருந்தும். நீர் மென்மையாக்கும் கருவியுள்ள வீடுகளில், அக்கருவியூடாகச் செல்லாத குழாயிலிருந்து நீரைப் பெறுக.

முதல் மாதம்

குளோரின் நீங்கினாலும் ஆபத்து நீங்கவில்லை. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. அதனை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், மற்றொருவகை தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. உரப்பாவனையால் யாழ்ப்பாணக் கிணறுகளில் கூடிவிட்டதாக ஆய்வாளர் சுட்டிக்காட்டிய அதே நைத்திரேற்றே இது. இப்பற்றீரியாக்கள் வடிகட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். மீன் விடுமுன் வெறுந்தொட்டியில் சிறிதளவு மீனுணவை இட்டு வடிகட்டியை இயக்கி வருதல் நல்வழி. அமோனியாவும் நைத்திரைற்றும் முதலில் உயர்ந்து, பின்னர் சுழியத்திற்கு இறங்கி, நைத்திரேற்று தோன்றிய பின்னரே மீனை விட வேண்டும்; அதுவும் இரண்டு மூன்றாக. பின்னர் கிழமைதோறும் நாலில் ஒருபங்கு நீரை மாற்றுக. வடிகட்டியின் பஞ்சைக் குழாயின் கீழ்ப் பிடித்துக் கழுவாது, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. இல்லையேல் குளோரின் அப்பற்றீரியாக்களைக் கொன்றுவிடும்.

ஆர்வம் குன்றியோர் மீன்களைப் பிரெஞ்மன்ஸ் குடாவிலோ அயலிலுள்ள குளங்களிலோ விட்டுவிடலாகாது. ஹமில்ற்றன் துறைமுகத்தில் பொன்மீன்கள் பெருகி உள்நாட்டு மீனினங்களுக்கு இடராகியுள்ளன. வேண்டாத மீனைக் கடைக்கோ மற்றொரு வளர்ப்போருக்கோ கொடுத்தல் முறை.

பெற்றோருக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். குழாய்நீரை அச்சமின்றிக் குடியுங்கள். மீனுக்கு மட்டும் அதனைப் பதப்படுத்திக் கொடுங்கள். துளிகளை எண்ணி, நிறத்தைப் பார்த்து, கொப்பியில் அளவைக் குறிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். ஆறு கிழமை காத்திருக்கப் பழகிய பிள்ளையின் தொட்டியில் மீன் நீடு வாழும்.