அருங்காட்சியகமும் அகல் விளக்கும்

அருங்காட்சியகம் என்றால் பழம்பொருள்களைக் கண்ணாடிப் பேழையுள் காத்து வைக்கும் இடம் என்றே பலரும் கருதுவர். பொருளைப் போலவே அதனைச் செய்யும் கைத்திறனும் காக்கப்பட வேண்டியதன்றோ? முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில் கைவினைஞர் தம் தொழிலைப் பார்வையாளர்முன் செய்து காட்டுகின்றனர். அதே முட்டுக்காட்டில் 2005இல் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் அமைந்தது. தொழில் அறிந்தார் ஒருபுறம், கற்பிக்கும் முறை அறிந்தார் மறுபுறம். அறிவுசார் குறைபாடுடையோர்க்குக் கைவினை கற்பிக்க இவ்விரு அறிவும் ஒருங்கே வேண்டும்.

காரணம் எளிது. அருங்காட்சியகப் பணியாளர் விளக்கவுரை ஆற்றிப் பழகியவர். இங்கு உரை பயன்படாது. கையே பேச வேண்டும். ஒரு தொழிலைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, ஒரு படி கைவந்தபின்னரே அடுத்ததைக் கற்பிப்பது சிறப்புக் கல்வியாளர் கைக்கொள்ளும் முறை. அவற்றுள் ஒன்று கடைசிப் படியிலிருந்து தொடங்குவது. கார்த்திகைத் தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் விலைபோகும் அகல் விளக்கையே கொள்வோம். மண் பிசைதல், கல் பொறுக்குதல், உருண்டை பிடித்தல், பெருவிரலால் குழித்தல், விளிம்பை மெழுகுதல் ஆகியவற்றைப் பயிற்றுநரே செய்து, திரி வைக்கும் மூக்கை மட்டும் கிள்ளும்படி மாணவரிடம் கொடுப்பார். கிள்ளியதும் விளக்கு முழுமை பெறுகிறது. "நான் செய்தேன்" என்னும் நிறைவு முதல் நாளிலேயே கிட்டுகிறது. பின்னர் விளிம்பு, அதன்பின் குழி எனப் பின்னோக்கிச் செல்வர். மாணவரின் கையைப் பிடித்துக் காட்டுவதையும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்வர். சில மாதங்கள் ஆகலாம். குயவர் மகனுக்கும் தொழில் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை.

சிறப்புப் பள்ளியை முடித்த இளைஞர் பலர் அதன்பின் வீட்டோடு முடங்குகின்றனர். தமக்குப் பின் இவனை யார் காப்பார் என்பதே பெற்றோரின் தீராக் கவலை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 19ஆம் பிரிவில் தொழிற்பயிற்சியையும், 29ஆம் பிரிவில் பண்பாட்டு வாழ்வையும் பேசுகிறது. இரண்டும் சந்திக்கத் தக்க இடம் அருங்காட்சியகமே எனலாம். ஆயின் கற்போரையே காட்சிப் பொருளாக்குதல் கூடாது. இரக்கத்திற்காக விற்பதும் நன்றன்று. எண்ணெய் ஒழுகும் அகலைப் பயிற்றுநர் கழித்துவிட வேண்டும். நன்கு அமைந்ததற்கு உரிய கூலி தரப்பட வேண்டும்.

இம்மாவட்டத்திற்கு இன்னொரு தொழிலும் பொருந்தும். வந்தவாசிக் கோரைப் பாயைக் கைத்தறியில் நெய்ய இருவர் அமர்வதுண்டு. ஒருவர் கோரையைச் செருகுவார். மற்றவர் அச்சை இழுத்து அடிப்பார். தந்தை செருக, மகன் அடிக்கலாம்.