கத்தியைக் கொடுத்த கை எது?

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்ற பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில், அவ்வூர்களைக் கண்ணாலும் காணாதவர்களின் மனத்திலே பட்டாக்கத்தியும் இரத்தமும் தோன்றுகின்றன. இந்த எண்ணத்தை ஊட்டியதிலே சினிமாவுக்குப் பெரும் பங்குண்டு என்று சொல்ல நாம் தயங்கோம்.

ஆகையால் படங்களில் ஹிம்ஸையைக் காட்டவே கூடாதென்று சிலர் வாதிக்கின்றனர். இவ்வாதம் நமக்குச் சம்மதமன்று. உலகிலுள்ள கொடுமையைக் கலை மூடி மறைக்குமாயின், அது கொடியவனுக்கே துணையாகும். நாம் கேட்பது வேறு. குத்தியவனைக் காட்டும் படம், அவன் கையிலே கத்தியைக் கொடுத்தவனையும் காட்டுகிறதா? காட்டினால் அந்த ஹிம்ஸைக்குப் பிரயோஜனம் உண்டு. காட்டாவிடில் அது வெறும் வேடிக்கை. அந்த வேடிக்கைக்கு விலை கொடுப்பவர்கள் அப்பகுதி ஏழை மக்கள்.

2018-ஆம் வருஷம் வெற்றிமாறன் இயக்கி வெளிவந்த ‘வடசென்னை’யை எடுத்துக்கொள்வோம். கடற்கரைக் குடியிருப்புகளை அகற்றிச் சாலை போடும் திட்டத்தை எதிர்த்து நிற்கும் ராஜன், தன் கூட்டத்தாராலேயே கொல்லப்படுகிறான். கொன்றவர்கள் பின்னர் அத்திட்டத்துக்குத் துணை போகின்றனர். அக்கொலையால் லாபமடைந்தவர் யார் என்பது பார்ப்பவர்களுக்கு விளங்கிவிடுகிறது. பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) படத்திலும் அவ்வாறே. தலைவர் ஒருவரின் உருவம் தீட்டிய சுவருக்காகக் கட்சிக்காரர்கள் போட்டியிட, பலியாகிறவர்கள் வியாசர்பாடி இளைஞர்கள். இவ்விரு படங்களிலும் இரத்தம் காரணமின்றிச் சிந்தவில்லை.

ஆயினும் ‘வடசென்னை’ குற்றமற்றதென்று நாம் கூறவில்லை. அதன் சில காட்சிகள் தங்களை இழிவுபடுத்துவதாக மீனவர்கள் எதிர்த்தபோது, இயக்குநரே வருத்தம் தெரிவித்தார். விடியுமுன் கடலுக்குச் சென்று உழைத்துப் பிழைக்கும் ஜனங்கள், திரையிலே தம்மைக் குற்றவாளிகளாக மட்டும் காண நேர்ந்தால் மனம் நோவது இயல்பேயன்றோ?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்திலே பரவிற்று. படகுகளும் வலைகளும் பாழாயின. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்துக்கருகே உர ஆலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீடுகளைவிட்டு ஓடினர். அங்கே எவனும் கத்தி தூக்கவில்லை. ஆகையால் எவனுக்கும் ரௌடிப் பட்டமும் கிடைக்கவில்லை. இதுவும் ஹிம்ஸையே என்பதில் யாருக்கேனும் சந்தேகமுண்டா?

வடசென்னையைப் படமெடுக்க வருவோரை நாம் தடுக்கவில்லை, வரவேற்கிறோம். அவர்களுடைய காமிரா சந்தில் ஓடும் இளைஞனோடு நின்றுவிடாமல், அவன் குடிசை நிற்கும் நிலத்தை விரும்புவோர் யார், அவன் சுவாசிக்கும் காற்றைக் கெடுத்தோர் யார் என்றும் தேடிச் செல்லட்டும். படம் பார்க்கும் நம் இளைஞர்களும், வெட்டு விழும்போது கைதட்டுவதை விட்டு, ராஜன் எதற்காகச் செத்தான் என்ற கேள்வியோடு கொட்டகையிலிருந்து வெளியே வரட்டும். அக்கேள்விக்கு விடை தேடும் வேலை நம் யாவருக்கும் உரியதாகும்.