பழைய டிராக்டருக்கு நாடி பார்ப்போமா?

சிவகாசி வட்டாரம் என்றதும் உங்களுக்குப் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகங்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே கரிசல் காடும் உண்டு. கரிசல் மண்ணுக்கு ஒரு குணம்: நன்றாக நனைந்தால் சேறாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். இடையில் ஈரம் பதமாக இருக்கும் சில நாட்களில்தான் உழவேண்டும்.

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில், அப்படி ஒரு நாளில், நாற்பது வயதான டிராக்டர் ஒன்று உழுதுகொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் கிளப்பியபோது எண்ணெய் அழுத்தமானியின் முள் நன்றாக ஏறி நின்றது. இரண்டு மணி நேரம் ஓடியபின் முள் அடிமட்டத்தில் கிடக்கிறது. எஞ்சினோ வழக்கம்போலவே ஓடுகிறது. இன்னும் ஓர் ஏக்கர்தான் பாக்கி. உழுது முடிக்கலாமா? கூடாது! உடனே நிறுத்தவேண்டும். ஏன் தெரியுமா?

எஞ்சினின் முதுகெலும்பு கிராங்க் ஷாஃப்ட் ஆகும். அது பேரிங்குகளின் நடுவே சுழல்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் இடைவெளிதான் உண்டு. இது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இந்த இடைவெளியில் நிற்கும் எண்ணெய்ப் படலமே உலோகமும் உலோகமும் உரசாமல் காக்கிறது.

இந்தப் படலத்தின் வலிமையை உலகம் அறிந்தது ஒரு தற்செயலால். இங்கிலாந்தில் பொகாம்ப் டவர் என்ற பொறியாளர் இரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்து வந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அத்துளை வழியே மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார்; தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் வெளியேறியது! சுழலும் தண்டு, எண்ணெயைக் குறுகிய இடத்துக்குள் இழுத்துச் சென்று, பெரும் அழுத்தத்தைத் தானே உண்டாக்குகிறது என்பது அப்போது புலனாயிற்று. டவரின் முதல் அறிக்கை 1883-இல் வெளிவந்தது. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

அப்படியானால், பாரத்தைத் தாங்கும் அழுத்தத்தைத் தண்டே உண்டாக்கிக்கொள்கிறது. பம்பின் வேலை என்ன? பேரிங்கின் ஓரங்களில் கசிந்து போகும் எண்ணெயை இடைவிடாமல் ஈடுசெய்வது! வரத்து குறைந்தால் படலம் அறுந்துவிடும். உலோகம் உரசிச் சூடேறி, பேரிங் உருகி, எஞ்சின் இறுகிவிடும். அதற்குச் சில நிமிடங்களே போதும்.

இனி ஒரு வியப்பான செய்தி: எண்ணெய்ப் பம்ப் அழுத்தத்தைத் தருவதில்லை, எண்ணெயை மட்டுமே தள்ளுகிறது. வழி குறுகலாக இருப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் நீர் சீறிப் பாய்கிறது அல்லவா? விரலை எடுத்தால் சீற்றம் அடங்கிவிடும். தேய்ந்த பேரிங், விரலை எடுத்த குழாய் போன்றது.

எவ்வளவு தேய்ந்தால் எவ்வளவு கசியும்? கசிவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப உயரும். இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு! கால் பங்கு மட்டும் கூடினால்? 1.25 × 1.25 × 1.25 = 1.95. அதாவது ஏறக்குறைய இரு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் முள்ளைக் கீழே இறக்குவது இதனால்தான்.

சூடும் சேர்ந்துகொள்கிறது. 40 டிகிரி செல்சியஸில் எஞ்சின் எண்ணெய்க்கு இருக்கும் பாகுநிலை, 100 டிகிரியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. நீர்த்த எண்ணெய் எளிதில் ஒழுகிவிடும். காலையில் ஏறியிருந்த முள் பத்து மணிக்கு இறங்கியதன் காரணம் இப்போது புரிகிறதா?

ஆனால் பேரிங்தான் குற்றவாளி என்று அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. நல்ல மெக்கானிக், செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவார்.

முதலில், எஞ்சினை நிறுத்திச் சிறிது பொறுத்து, அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பார். எண்ணெய் குறைவா? கூடியிருந்தால் அதுவும் நல்லதன்று. டீசல் கசிந்து எண்ணெயில் கலந்திருக்கலாம். குச்சியை முகர்ந்தால் டீசல் வாடை காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவதாக, மானி உண்மை சொல்கிறதா என்று பார்ப்பார். நன்றாக வேலை செய்யும் வேறொரு மானியை எஞ்சினில் பொருத்தி ஒப்பிடுவார். பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர் எஞ்சின் ஒன்றில், சூடேறிய நிலையில் முழு வேகத்தில், சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 பவுண்டு வரை இருக்கலாம். சரியான அளவை அந்தந்த எஞ்சினின் கையேட்டில் காணவேண்டும்.

மூன்றாவதாக, முள்ளின் போக்கைக் கவனிப்பார். குளிர்ந்தபோது சரியாக இருந்து, சூடேறி மெதுவாக ஓடும்போது மட்டும் விழுந்தால், பேரிங் அல்லது பம்ப் தேய்ந்திருக்கலாம். குளிரிலும் சூட்டிலும் குறைவாகவே இருந்தால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வில் தூசு சிக்கி அது திறந்தே இருக்கலாம். அல்லது அதன் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். கிளப்பியபின் முள் ஏறவே நேரமானால், எண்ணெயை உறிஞ்சும் சல்லடை அடைத்திருக்கலாம்.

இவற்றுக்குப் பின்னரே எண்ணெய்த் தொட்டியைக் கழற்றுவார். சல்லடை, வால்வு, பம்ப் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுக் கடைசியாகப் பேரிங்கைத் திறப்பார். மெழுகு போன்ற மெல்லிய இழை ஒன்றைத் தண்டின்மேல் வைத்து, பேரிங் மூடியை முடுக்கிவிட்டு, மீண்டும் கழற்றுவார். இழை எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறது என்பதிலிருந்து இடைவெளி தெரிந்துவிடும்.

சிலர் கெட்டியான எண்ணெயை ஊற்றி முள்ளை ஏற்றிவிடுவார்கள். இது காய்ச்சலைக் குணப்படுத்தாமல் வெப்பமானியைத் திருத்துவது போன்றது. முள் ஏறும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவான இரு கிண்ணங்களில் விளக்கெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் வெந்நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்திருங்கள். அடுப்பில் வைக்கவேண்டாம். பிறகு ஒவ்வொன்றையும் ஒரே புனலில் ஊற்றி, முழுதும் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களின் வேறுபாட்டில், நாரணாபுரத்து டிராக்டரின் முள் ஏன் இறங்கியது என்பதைக் காண்பீர்கள்.