ஒரு மோட்டார், மூன்று வேலை

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு சந்து. அங்கே ஒரு தச்சுப் பட்டறை. அகலம் 10 அடி. நீளம் 12 அடி. மரம், பசை, ஆணி, செய்து முடித்த ஜன்னல், வேலை செய்யும் ஆள், எல்லாம் அதற்குள்தான்.

பட்டறைக்காரர் எங்கள் படிப்பு வட்டத்துக்கு வருகிறவர். நாங்கள் அவரை ஆசாரி அண்ணன் என்று கூப்பிடுவோம்.

கையால் இழைத்து இழைத்து அவருக்குத் தோள் வலி வந்துவிட்டது. மெஷின் வாங்க நினைத்தார். அறுக்க ஒன்று, இழைக்க ஒன்று, துளை போட ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"மூணையும் வெச்சா நான் சந்துலதான் நிக்கணும் தம்பி" என்றார்.

அவர் என்ன செய்தார்? மூன்று வேலையையும் செய்யும் ஒரே மெஷின் வாங்கினார்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது?

இரும்புச் சட்டத்தின் அடியில் ஒரு மோட்டார். மேலே சுழலும் தண்டுகள். ஒரு தண்டில் இழைக்கும் உருளை. உருளையில் நீளமான கத்திகள் பொருத்தியிருக்கும். அதே தண்டின் முனையில் துளை போடும் பிட்டை மாட்டலாம். இன்னொரு தண்டில் வட்ட ரம்பம். மோட்டாரின் சுழற்சியைத் தண்டுக்குக் கொண்டு போவது பெல்ட்.

பெல்ட் ஓடும் சக்கரத்தைப் புல்லி என்கிறோம். வேகம் புல்லியின் அளவைப் பொறுத்தது.

மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது. மோட்டார் புல்லி 6 அங்குலம். உருளையின் புல்லி 2 அங்குலம். 6-ஐ 2-ஆல் வகுத்தால் 3. ஆகவே உருளை 3 மடங்கு வேகத்தில் சுற்றும். 1440 x 3 = 4320 சுற்று. பெல்ட் சிறிது வழுக்கும். அதனால் கொஞ்சம் குறையும்.

ரம்பத் தகட்டில் ஓர் எண் அச்சடித்திருக்கும். அதற்கு மேல் வேகமாகச் சுற்றக் கூடாது என்று பொருள். தப்பான புல்லியை மாட்டினால் அந்த எல்லை தாண்டிவிடும். ஆகவே அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள்.

மரம் போகும் வழி

மெஷின் நிற்கும் இடம் மட்டும் போதாது. மரம் போகவும் இடம் வேண்டும்.

6 அடிச் சட்டத்தை இழைக்க வேண்டும். கத்திக்கு முன்னால் 6 அடி வேண்டும். இழைத்த பின் மரம் கத்தியைத் தாண்டி நிற்க இன்னொரு 6 அடி வேண்டும். மொத்தம் 12 அடி.

தனித்தனி மெஷின் என்றால் ஒவ்வொன்றுக்கும் இப்படி வழி விட வேண்டும். ஒரே மெஷினில் அறுப்பதும் இழைப்பதும் அடுத்தடுத்த வழியில் நடக்கும். இதில்தான் பெரிய மிச்சம்.

அண்ணன் மெஷினை வாசலுக்கு நேராக வைத்தார். நீளமான மரம் வந்தால் கதவைத் திறந்து விடுவார். சந்தில் போகிறவர்கள் மேல் படாமல் இருக்க ஓர் ஆளை வெளியே நிறுத்துவார். வேலை மேஜையையும் ரம்ப மேஜையின் உயரத்துக்கே செய்துகொண்டார். அறுத்த பலகையை அது தாங்கும்.

குறை இல்லையா?

இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்ய முடியும். மோட்டார் எரிந்தால் மூன்று வேலையும் நிற்கும்.

அதனால் அண்ணன் வேலையை வரிசைப்படுத்திக்கொண்டார். முதலில் எல்லா மரத்தையும் கிழிப்பார். அடுத்து எல்லாவற்றையும் இழைப்பார். பிறகு அளவுக்கு அறுப்பார். கடைசியில் துளை போடுவார். பழைய இழைப்புளியையும் உளியையும் அவர் விற்கவில்லை.

படிக்கத் தெரியாததால் வந்த நஷ்டம்

முதலில் அவர் ஒரு பழைய மோட்டார் வாங்கினார். ஆட்டோவில் ஏற்றி வந்தார். மின்சார வேலை செய்பவர் பார்த்துவிட்டு, "இது த்ரீ பேஸ் மோட்டார். உங்களிடம் இருப்பது சிங்கிள் பேஸ் லைன்" என்றார். மோட்டாரின் தகட்டில் அது எழுதியிருந்தது. அண்ணனுக்கு அப்போது படிக்கத் தெரியாது. மாற்றி வாங்குவதில் பணம் போயிற்று.

இன்று அவரே தகட்டைப் படிக்கிறார். 230 வோல்ட் என்றால் சிங்கிள் பேஸ். 415 வோல்ட் என்றால் த்ரீ பேஸ். ஹெச்.பி. என்பது மோட்டாரின் சக்தி. ஆர்.பி.எம். என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது.

விரல் திரும்பி வராது

அண்ணனின் இடது சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. சில மெஷின்களில் இழைக்கும்போது ரம்பமும் சேர்ந்து சுற்றும். அவர் மெஷினும் அப்படித்தான். ஒருநாள் இழைத்துக்கொண்டே பக்கத்தில் கிடந்த சீவலைத் தள்ளினார். மூடாத ரம்பம் அங்கே சுற்றிக்கொண்டிருந்தது.

"இடம் மிச்சம், விரல் போச்சு" என்பார். சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

அவர் இப்போது சுவரில் எழுதி ஒட்டியிருப்பவை இவை. அவரே எழுதியது.

1. வேலை இல்லாத கத்தியையும் ரம்பத்தையும் மூடி வை.
2. பெல்ட் மாற்றும் முன் சுவிட்சை அணை. பிளக்கையும் பிடுங்கு.
3. ரம்பத்தின் பக்கம் கை போகக் கூடாது. தள்ளுக்கட்டையால் தள்ளு.
4. ஒரு அடிக்குக் குறைந்த மரத்தை மெஷினில் இழைக்காதே. கையால் இழை.
5. கையுறை வேண்டாம். தோளில் துண்டு வேண்டாம். சுற்றும் தண்டு இழுத்துவிடும்.
6. எர்த் கம்பி இல்லாமல் ஓட்டாதே.
7. மூக்கை மூடு.

ஏழாவது ஏன்? சிறிய அறையில் மரத்தூள் வெளியே போகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1995-ல் வெளியிட்ட நூலில் கூறியது. முகமூடி போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தூளைப் பறக்க விடாமல் அள்ளுங்கள்.

இடம் சிறியதாக இருக்கலாம். யோசித்து வைத்தால் அதிலும் பிழைக்கலாம். ஆனால் வாங்கும் முன் படியுங்கள். ஓட்டும் முன் மூடுங்கள்.

கணக்குப் போடுங்கள்

மோட்டார் 1440 சுற்று. மோட்டார் புல்லி 6 அங்குலம். ரம்பத்தின் புல்லி 3 அங்குலம். ரம்பம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்?

(விடை: 2880)